பாரத்தின் இடம்



கவிதையும் கட்டுரையும் முழங்கிவந்த இம்மேடையில் இன்று பந்தயக் காரைப் பற்றி ஓர் உரை. வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைத்தோட்டத்துக்கும் பெயர்பெற்ற ஆத்தூரில், தாமிரபரணி கடலைத் தேடிப் புன்னைக்காயலுக்குப் போகும் வழியில், இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று சிலர் வியக்கக்கூடும். அந்த வியப்பைத் தீர்க்கத் தூத்துக்குடிக் கடற்கரையில் சற்று நேரம் நின்றாலே போதும்.

அக்கரையில் தோணி கட்டிய ஓடாவிகள் காகிதத்தில் வரைபடம் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கியவர்கள் அல்லர். ஏராக்கட்டையை மணலில் கிடத்தி, வங்குகளை நிறுத்தி, பலகையை வளைத்து ஏற்றி, கண்ணாலும் கையாலும் அளந்து, கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் மரக்கலத்தை உருவாக்கினார்கள். அக்கலம் பாய்விரித்து ஓடிய காலமும் உண்டு; பின்னர் எஞ்சின் பொருத்தப்பட்ட காலமும் உண்டு. முத்துக்குளிப்பும் சங்குக்குளிப்பும் நடந்த வள்ளங்களும் இவ்வாறு கைப்பழக்கத்தால் பிறந்தவையே. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. வள்ளத்தின் இடத்தைக் கண்ணாடி இழைப் படகு பெரிதும் பிடித்துக்கொண்டது.

கலம் செலுத்துவோர் அனைவரும் அறிந்த பாடம் ஒன்று உண்டு: பாரத்தை எங்கே வைப்பது என்பதே கலத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது. அணியத்தில் சுமை மிகுந்தால் கலம் அலையில் மூக்கைக் குத்தும். பின்புறத்தில் மிகுந்தால் முன்பக்கம் எழும்பி, திசை சொன்னபடி கேளாது. இரு நுனிகளிலும் சுமையைப் பிரித்து வைத்தாலோ, நேராக ஓடும் கலம் திரும்ப மறுக்கும். பாரம் நடுவில் தாழ அமர்ந்தால் கலம் சொன்ன சொல் கேட்கும். பந்தயக் கார்களின் வரலாறும் ஏறத்தாழ இந்த ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்ட வரலாறுதான்.

சாதாரணமாக நாம் காணும் காரில் எஞ்சின் முன்னால் இருக்கும். ஓட்டுநர் அதன் பின்னால் அமர்ந்திருப்பார். நடு எஞ்சின் கார் என்பது வேறு. அதில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே, ஆனால் பின்சக்கர அச்சுக்கு முன்னே, எஞ்சின் அமர்ந்திருக்கும். வண்டியின் பாரமெல்லாம் இரண்டு அச்சுகளுக்கும் இடையே திரண்டு நிற்கும். இதன் பயனை அறிய இயந்திரவியல் நூல் வேண்டியதில்லை. இரு முனைகளிலும் குடம் கட்டிய காவடியைத் தோளில் சுமப்பவர் தெருமுனையில் எவ்வளவு சிரமப்பட்டுத் திரும்புகிறார் என்பதையும், அதே எடையைத் தலைச்சுமையாகக் கொண்டவர் எவ்வளவு எளிதாகத் திரும்பிவிடுகிறார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். எடை ஒன்றே, இடம் வேறு. வளைவுகள் நிறைந்த பந்தயத் தடத்தில் இந்த வேறுபாடே வெற்றி தோல்வியாகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. எளிதில் திரும்புவது எளிதில் சுழலவும் செய்யும். காவடிக்காரர் இடறினால் காவடியின் நீளமே அவரை ஓரளவு தாங்கிப் பிடிக்கும். தலைச்சுமைக்காரர் சட்டென்று சுற்றி விழுவார். நடு எஞ்சின் காரை எல்லை கடந்து விரட்டினால், அது எச்சரிக்கை தராமலே பின்புறத்தை முன்னால் கொண்டுவந்துவிடும். ஆகவே அதனைக் கட்டுபவருக்கும் ஓட்டுபவருக்கும் அடக்கம் வேண்டும்.

1930-களில் செருமனியின் ஆட்டோ யூனியன் நிறுவனம் பெர்டினாண்டு போர்சேயின் வடிவமைப்பில் 16 சிலிண்டர் எஞ்சினை ஓட்டுநரின் பின்னே வைத்துப் பந்தயக் கார் கட்டியதுண்டு. அரசின் ஆதரவும் பெருஞ்செல்வமும் அதன் பின்னே நின்றன. போருக்குப் பின் அவ்வழி மறக்கப்பட்டது. அதனை மீண்டும் உலகுக்கு நினைவூட்டியவர்கள் இலண்டனுக்கு அருகே சர்பிட்டன் என்ற ஊரில் சாதாரணப் பட்டறை வைத்திருந்த சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் ஆவர். 1946-இல், பொருள் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், பியட் நிறுவனத்தின் சிறிய ‘டோப்போலினோ’ கார்கள் இரண்டின் முன்பாகங்களை எடுத்து, முதுகோடு முதுகாக இணைத்து, ஒரு சட்டத்தை உண்டாக்கினார்கள். மோட்டார் சைக்கிளின் 500 சிசி எஞ்சினை அதில் பொருத்தினார்கள். அந்த எஞ்சின் சங்கிலியால் சக்கரத்தைச் சுழற்றுவது. சங்கிலி பின்சக்கர அச்சுக்குப் போகவேண்டும்; ஆதலால் எஞ்சினைப் பின்னால் வைத்தார்கள். அவ்வளவே. பெரிய தத்துவம் எதுவும் அன்று அவர்கள் மனத்தில் இல்லை. கையில் இருந்த பொருளுக்கு ஏற்ற இடத்தைத் தேடினார்கள். சரியான இடமாகவும் அது அமைந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1958 சனவரியில், அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில், ஸ்டர்லிங் மாஸ் ஒரு கூப்பர் காரில் வென்றார். அவர் காரின் எஞ்சின் 2 லிட்டருக்கும் சற்றுக் குறைவு. எதிரே நின்ற பெராரி கார்களின் எஞ்சின்களோ அதனினும் பெரியவை. கூப்பரின் சக்கரங்கள் திருகாணிகளால் முடுக்கப்பட்டவை. நடுவே நிறுத்தி மாற்றினால் நேரம் போய்விடும். எனவே டயரை மாற்றாமலே, இறுதியில் ரப்பர் தேய்ந்து உள்நூல் தெரியும் நிலையில், இரண்டே முக்கால் நொடி அளவான இடைவெளியில் முதலாவதாக வந்தார். வண்டி இலேசாக இருந்ததால்தான் டயர் அதுவரை தாங்கியது. உலக வாகையர் பட்டத்துக்கான பந்தயங்களில் நடு எஞ்சின் கார் பெற்ற முதல் வெற்றி அது. 1959-இலும் 1960-இலும் ஜாக் பிராபம் கூப்பர் காரில் உலக வாகையரானார். அதன்பின் முன் எஞ்சின் பந்தயக் காரின் காலம் முடிந்தது. சிற்றூர்ப் பட்டறை ஒன்றின் சிக்கனம் பேரரசுகளின் பழக்கத்தை மாற்றியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். விடுதலைக்குப் பின் இந்தியாவில் வெளிநாட்டுக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. சாலையில் ஓடியவை அம்பாசிடர், பியட் வழிவந்த பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய சிலவே. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953-இல் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளத்தில், ஆண்டுதோறும் பந்தயங்கள் நடந்தன. அங்கு ஓட வாங்கிய கார் கிடைக்காதவர்கள் கட்டிய காரில் ஓடவேண்டியிருந்தது. தட்டுப்பாடே பட்டறைகளின் ஆசானாக இருந்தது எனலாம்.

ஆனால் அன்றைய இந்தியக் கார்களைக் கொண்டு நடு எஞ்சின் வண்டி கட்டுவது எளிதன்று. அவற்றில் எஞ்சின் முன்னால். சுழலும் சக்கரம் பின்னால். இரண்டையும் இணைக்க வண்டியின் அடியில் நீண்ட தண்டு. எஞ்சினைப் பின்னால் கொண்டுவந்தால், கியர்பெட்டியையும் சக்கர அச்சையும் ஒன்றாக இணைக்கும் வேறோர் உறுப்பு தேவைப்படும். அது சந்தையில் கிடைக்கவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது இந்தப் பூட்டுத் திறந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி. அதில் எஞ்சின், கியர்பெட்டி, அச்சு மூன்றும் ஒரே கட்டாக முன்சக்கரங்களுக்கு இடையே குறுக்காக அமைந்திருந்தன. அந்தக் கட்டை அப்படியே தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே வைத்துவிட்டால், குடும்பக் காரின் உறுப்பு பந்தயக் காரின் இதயமாகிவிடும். உலகெங்கும் வீட்டுப் பட்டறையில் நடு எஞ்சின் கார் கட்டுவோர் கையாளும் வழி இதுதான்.

இதனைத் தமிழ்நாட்டில் செய்து காட்டியவர் கோயம்புத்தூர் சு. கரிவர்தன். 1954-இல், இலட்சுமி மில் குடும்பத்தில் பிறந்தவர். அவர் ஊரின் இயல்பை நினைத்தால் அது வியப்பன்று. நூற்பாலைக்கு எந்திரம், வயலுக்குப் பம்புசெட்டு, இவற்றுக்கு வார்ப்படம் என்று வளர்ந்த ஊர் அது. தெருவுக்குத் தெரு கடைசல் பட்டறை. அவ்வூரில்தான் ஜி.டி. நாயுடு (1893–1974) பேருந்து ஓட்டத் தொடங்கி, சவரக் கத்தி முதல் வானொலி வரை செய்து பார்த்தார். அவர் 1952-இல் ஏறத்தாழ 2,000 ரூபாய் விலையில் இருவர் அமரும் சிறு கார் ஒன்றை உருவாக்கியும், உற்பத்திக்கு அரசின் உரிமம் கிட்டாமல் அம்முயற்சி நின்றுபோனது. உரிமம் கிடைக்காத அந்தக் காருக்கும் கரிவர்தனின் பந்தயக் காருக்கும் இடையே ஒரு தலைமுறைக் காலம் கழிந்தது. எனினும் ஊரின் கைப்பழக்கம் அறுபடவில்லை.

1980-களின் இறுதியில் கரிவர்தன் உருவாக்கிய ‘ஃபார்முலா மாருதி’ ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் கார். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டம். கண்ணாடி இழை உடல். ஓட்டுநரின் பின்னே மாருதி 800-இன் எஞ்சின். எல்லாருக்கும் ஒரே வகைக் கார் என்பதால் பணத்தைக் காட்டிலும் திறமைக்கு இடம் கிடைத்தது. பழுதானால் உறுப்பை எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் தம் முதற்பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். அவர் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கூப்பர் பட்டறையிலிருந்து உலகத் தடத்துக்குப் பாதை போனதுபோல, கோயம்புத்தூர்ப் பட்டறையிலிருந்தும் ஒரு பாதை போயிற்று.

இத்தகைய கார் எவ்வாறு உருவாகிறது? முதலில் தரையில் சமதளமான மேசை ஒன்று. அதன்மீது சட்டத்தின் குழாய்களை நகராமல் பிடித்துவைக்கும் ‘ஜிக்’ என்னும் தாங்கி. குழாயின் முனையை மற்றொரு குழாயின் உருளைவடிவுக்குப் பொருந்துமாறு அராவ வேண்டும். இடைவெளி இருந்தால் பற்றவைப்பு நிரப்பிவிடும். பந்தயத்தில் அந்த நிரப்பல் விரியும். ஒரு மூலையிலேயே தொடர்ந்து பற்றவைத்தால் வெப்பத்தில் சட்டம் முறுகும். எனவே இங்கொரு பொட்டு, எதிர்மூலையில் ஒரு பொட்டு என மாறி மாறி வைப்பார்கள். முக்கோணமே சட்டத்தின் உயிர். நாற்கோணம் அழுத்தத்தில் சாயும், முக்கோணம் சாயாது. பிறகு உடல். மரத்தாலும் பூச்சாலும் ஒரு மாதிரி வடித்து, அதன்மேல் அச்சு எடுத்து, அச்சினுள் கண்ணாடி இழை விரித்துப் பிசின் தடவி உலரவிடுவார்கள். இன்று நம் கரையில் படகு செய்வோர் செய்வதும் இதே வேலைதான். அதே இழை, அதே பிசின், மூக்கைத் துளைக்கும் அதே நெடி.

அடுத்து வருவனவே கைவினைஞரைச் சோதிப்பன. எஞ்சின் பின்னால் போனதும், அதனோடு பழகிய உறுப்புகள் யாவும் தூரமாகிவிடுகின்றன. ரேடியேட்டர் காற்றுப்படும் முன்பக்கத்தில் இருந்தால், நீர் வண்டியின் முழுநீளமும் போய்வர வேண்டும். வழியில் எங்கேனும் மேடாக வளைந்த குழாயில் காற்று சிக்கினால், எஞ்சின் கொதிக்கும். கியர் மாற்றும் கோல் ஓட்டுநரின் கையருகே. கியர்பெட்டியோ முதுகுக்குப் பின்னே. இடையே உள்ள கம்பியும் கணுக்களும் சற்றே தளர்ந்தாலும் மூன்றாம் கியர் தேடியவருக்கு முதல் கியர் வாய்க்கும். வெப்பம் முதுகில் ஏறும். கழற்றிப் பார்க்கக் கைநுழையாது. நல்ல இடத்தில் பாரத்தை வைத்தவர் மற்ற வசதிகள் அனைத்தையும் அதற்காக இழக்கிறார்.

கரிவர்தன் 1995-இல், நாற்பதைக் கடந்த சிறிது காலத்தில், சிறு விமான விபத்தில் உயிர் நீத்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் 2003-இல் திறக்கப்பட்டபோது, அதற்குக் ‘கரி’ என அவர் பெயரே இடப்பட்டது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாமே கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களைக் கொண்டுவந்து போட்டியிட்டிருப்பதும் அத்தடத்தில்தான். அக்கார்கள் பலவற்றில் மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே, சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றுவதாக அமைந்திருக்கிறது. 1946-ஆம் ஆண்டின் கூப்பர் பட்டறை நினைவுக்கு வராமல் போகாது.

அவையோர் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இது. இவ்வாறு கையால் கட்டப்பட்ட கார்கள் பின்னர் என்ன ஆகின்றன?

பந்தயக் கார் முதுமை அடைவதற்காகக் கட்டப்படுவதன்று. மோதினால் மூக்கை வெட்டிப் புதிய மூக்கைப் பற்றவைப்பார்கள். எஞ்சின் மாறும், உடல் மாறும், நிறமும் மாறும். ஐந்து பருவம் ஓடிய காரில் முதற்பருவத்தின் உறுப்பு எவ்வளவு எஞ்சும் என்பது ஐயமே. பின்னர் அது ஏதேனும் ஒரு கொட்டகையில் தார்ப்பாயின் கீழ் ஒதுங்கும். குழாய்ச் சட்டம் வெளியே பளபளக்க, உள்ளே துரு அரிக்கும். புதுப்பிக்க வருபவர் சிறு சுத்தியால் தட்டிப் பார்க்கிறார். கணீரென்ற ஒலி வந்தால் குழாய் நலம். மந்தமாக ஒலித்தால் உள்ளே அரித்திருக்கிறது. கண்ணாடி இழையில் சிலந்திவலை போன்ற கீறல் தெரிந்தால், அது மேற்பூச்சோடு நிற்கிறதா, இழையையும் பிளந்ததா என்று ஆராய்கிறார். மாருதி 800-இன் உற்பத்தி 2014 சனவரியில் நின்றது. எந்த ஊர்க் கடையிலும் கிடைத்த உறுப்பு இனிமேல் தேடிப்பெற வேண்டியதாகும்.

அவர்முன் ஒரு கேள்வி நிற்கிறது. பழைய குழாயை வெட்டியெறிந்து புதியது வைத்தால் கார் ஓடும். ஆனால் அந்தப் பழைய பற்றவைப்பு அதனைக் கட்டியவரின் கையெழுத்து. ஒருவரின் பற்றவைப்பு மீன்செதிளைப் போல வரிசையாக விழும். மற்றொருவரின் கை அவசரத்தில் புடைத்து நிற்கும். அதை நீக்கினால் கைவினைஞர் மறைகிறார். நீக்காமல் விட்டால் கார் ஓடாப் பொருளாகி, கண்ணாடிக்குள் நிற்கும் காட்சியாகிறது. ஓட விட்டுத் தேய்ப்பதா, நிறுத்தி வைத்துக் காப்பதா?

இக்கேள்வி இந்நிலத்துக்குப் புதிதன்று. இங்கிருந்து சிறிது தொலைவே உள்ள ஆழ்வார்திருநகரிக்குப் பத்துப்பாட்டு ஏடுகளைத் தேடி உ.வே. சாமிநாதையர் வந்தார், அவ்வூர்க் கவிராயர்களின் வீடுகளில் சுவடி பார்த்தார். பத்துப்பாட்டு 1889-இல் அச்சேறியது. அவர் கண்ட எந்த ஏடும் புலவன் கையால் எழுதிய மூல ஏடு அன்று. பனையோலை நெடுங்காலம் நிற்பதில்லை. செல்லும் கரையானும் அதனை விட்டுவைப்பதில்லை. ஓலை சிதையும்முன் எவரோ ஒருவர் புதிய ஓலையில் எழுத்தாணி பிடித்தார். அதுவும் சிதையும்முன் இன்னொருவர் பிடித்தார். பாட்டு பிழைத்தது ஓலையின் உறுதியால் அன்று. மறுபடி எழுதத் தெரிந்த கைகள் அறுபடாமல் இருந்ததால்தான். கை அறுபட்ட இடத்தில் நூலும் அழிந்தது.

கையால் கட்டிய காருக்கும் இதுவே பொருந்தும். அதன் மூலம் கொட்டகையில் நிற்கும் சட்டத்தில் இல்லை. சட்டம் கட்டிய ஜிக்கிலும், உடல் வார்த்த அச்சிலும், எந்த மூலையை முதலில் பற்றவைப்பது என்று அறிந்த கையிலும் இருக்கிறது. ஜிக் பழைய இரும்புக்குப் போய், அச்சு மழையில் நைந்து, கை ஓய்ந்துவிட்டால், எஞ்சிய ஒரு காரை எவ்வளவு மெருகிட்டு வைத்தாலும் அது இறுதி ஏடே. ஆகவே நல்ல புதுப்பிப்பாளர் இரண்டும் செய்கிறார். வெட்டியெடுத்த பழைய துண்டை எறியாமல், எந்த இடத்தது என்று குறித்து வைக்கிறார். புதிய குழாயைப் பழைய முறையிலேயே பற்றவைத்து, அம்முறையைத் தம் உதவியாளுக்கும் கற்பிக்கிறார். பின்பு காரை ஓட விடுகிறார்.

இதில் ஓர் இடையூறும் உண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் (1988) வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடைசெய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் அதனை உறுதிப்படுத்தியது. பலவீனமான பற்றவைப்போடு ஒரு வண்டி நெடுஞ்சாலையில் ஓடினால் இறப்பவர் அதனைக் கட்டியவர் மட்டுமல்லர் என்பதால், இத்தடையில் நியாயம் உண்டு. எனவே கட்டிய காருக்கு இங்கே உரிய இடம் மூடிய தடமே. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஒரு தடம், செட்டிபாளையத்தில் ஒன்று, இவைபோல் விரல்விட்டு எண்ணும் சிலவே. சாலை கிடைக்காத கைத்தொழிலுக்குத் தடமாவது வேண்டும். தடமும் விலைநிலமாகிப் போனால் மாணவனின் கார் எங்கே ஓடும்?

கவிஞர் பெருமக்களே, உங்கள் பங்கு ஒன்று இதில் இருக்கிறது. பட்டறை அறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவே வாழ்கிறது. ஓடாவியிடம் ஏராவும் வங்கும் அணியமும் இருப்பதுபோல, பற்றவைப்பவரிடமும் கடைசல்காரரிடமும் வார்ப்படத் தொழிலாளியிடமும் நூறு சொற்கள் உண்டு. ஒரு சொல் போனால் அதனோடு ஒரு செய்முறை போகும். மரத்தோணி கட்டுவது குறைந்துவரும் இக்கரையில், அச்சொற்களை உடையவர்கள் முதியவர்களாகி வருகிறார்கள். இவ்வட்டம் பத்தாண்டுகளாகக் கவிதைக்கு ஏடு தந்தது. அடுத்த பத்தாண்டில், உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு கைவினைஞரின் அருகே சில மாலைகள் அமர்ந்து, அவர் வேலையை அவர் சொல்லாலேயே எழுதிவைக்கலாம். அலங்காரம் வேண்டாம்; எந்தக் கட்டை முதலில், எந்த ஆணி பிறகு, ஏன் என்பது போதும்.

புன்னைக்காயல் முகத்துவாரத்தில் கண்ணாடி இழைப் படகுக்குப் பிசின் பூசும் இளைஞனுக்கு, தன் கையில் இருப்பது பந்தயக் காரின் உடலையும் வார்க்கவல்ல தொழில் என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதனை அவனிடம் சொல்ல ஒருவர் வேண்டும். அவன் சொல்வதைக் கேட்டு எழுத இன்னொருவர் வேண்டும்.

பத்தாண்டு கண்ட வட்டம் நூறாண்டு காண்க.